தலைவர் பார்வையிட்ட எர்த் அறை

மனிதன் மின்சாரத்தை அடக்கி ஆண்ட வரலாற்றைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒருவர்கூடக் கோவில்பட்டியைக் குறிப்பிடவில்லை. வரலாற்றாசிரியர்களின் பாரபட்சம் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் சொல்வதற்கில்லை. மின்சாரத்துக்கும் பூமிக்கும் நிரந்தர உறவை ஏற்படுத்தும் மகத்தான முயற்சி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் பங்குனி மாதத்தில் இவ்வூரில்தான் தொடங்கியது. துல்லியமாகச் சொன்னால், குருசாமியின் வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் 'சுருக்'கென்று தொடங்கியது.

குருசாமி மூன்று தலைமுறையாகத் தீப்பெட்டி ஆபீஸ் நடத்திய குடும்பத்துக்காரர். ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலியை நினைத்துக்கொள்ளக் கூடாது. குச்சியும் மருந்தும் பெட்டியும்தான். இந்தத் தொழிலுக்கு எதிரி நெருப்பு என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. நெருப்பு சரக்கு. எதிரி ஈரம். ஊரே அண்ணாந்து பார்த்து மழைக்கு ஏங்கிக் கிடக்கும் கரிசல் பூமியில், கழுகுமலைப் பக்கம் ஒரு மேகம் தலைகாட்டினால் சோற்றுக் கையோடு எழுந்து ஓடி அதை முறைத்துப் பார்க்கிறவர் குருசாமியின் அப்பா. மகனும் அந்த மரபை விடவில்லை. குளித்துவிட்டு வந்தால் காது மடலுக்குப் பின்பக்கம் வரை துவட்டிய பிறகுதான் குச்சி காயும் கிட்டங்கிக்குள் காலை வைப்பார்.

முழங்கால் வலிக்க ஆரம்பித்ததும் ஆபீஸைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். வீட்டுக்குப் பின்னாலிருந்த கிட்டங்கி மட்டும் மிச்சமிருந்தது. அதையும் ஒரு இடைசெவல்காரர் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் அடைக்க வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி மீனாட்சியம்மாளுக்குச் சம்மதம். அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது.

வெளிநாடுகளில் ஓய்வு பெற்றவர்கள் 'பொழுதுபோக்கு' என்று ஒன்று வைத்துக்கொள்வார்கள் என்பதை குருசாமி அதில் படித்தார். சி.என்.சி. ரவுட்டர் என்றொரு மிஷினை அவர்கள் வீட்டுக் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் எழுத்தைப் போட்டுவிட்டால் மிஷின் தானாக மேலும் கீழும் நகர்ந்து பலகையில் அந்த எழுத்தைச் செதுக்கிவிடும். மனிதன் செய்ய வேண்டியது பக்கத்தில் நின்று பெருமைப்படுவது மட்டுமே. அந்த வேலைக்கு குருசாமி எல்லா வகையிலும் தகுதியானவர். பெங்களூரிலிருந்த மகன் ஹரிஹரசுதன் பெட்டி பெட்டியாக உதிரிப்பாகங்களை அனுப்பி வைத்தான். வெளிநாட்டுக்காரர்கள் எழுதி வைத்ததைப் பார்த்துப் பார்த்து குருசாமி பூட்டினார். கடைசியில் நான்கு திருகாணி மிஞ்சியதை யாரிடமும் சொல்லவில்லை.

கோவில்பட்டியிலேயே உலர்ந்த தெரு அவர்கள் தெரு. அந்தத் தெருவிலேயே உலர்ந்த இடம் அந்தக் கிட்டங்கி. அதன் வாசலில் 'ஈரக்காலுடன் உள்ளே வராதீர்' என்று பழைய காலத்துப் பலகை ஒன்று தொங்கியது. மிஷினுக்கும் அதே சட்டம் என்று குருசாமி அறிவித்தார். தண்ணீர்ச் செம்பு உள்ளே வரக் கூடாது. தரையைத் துடைக்கக் கூடாது. டீ குடிக்க விரும்புவோர் வாசலுக்கு வெளியே நின்று குடிக்க வேண்டும்.

மீனாட்சியம்மாள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்கு ஒரு கெடு இருந்தது. கெடுவை ஏற்படுத்திக்கொண்டவர் குருசாமியேதான். அவர் 'கரிசல் வட்டாரத் தொழில்முனைவோர் பேரவை'யின் துணைத்தலைவர். பேரவைக்கு அந்தச் சித்திரையில் வெள்ளி விழா. விழாப் பலகையைக் கோயம்புத்தூரில் கொடுத்துச் செய்யலாம் என்று பேச்சு வந்தபோது குருசாமி எழுந்து, நம்மூர்ப் பலகையை நம்மூர் மிஷினே வெட்டும் என்று சொல்லிவிட்டார். பலத்த கைதட்டல். கைதட்டல் வீடு வரைக்கும் கேட்டுவிட்டது.

"நல்லதாப் போச்சு. பலக ஒழுங்கா வந்தா மிஷின் இருக்கட்டும். வரலேன்னா, விழா முடிஞ்ச மறுநாள் மிஷின் பழைய இரும்புக் கடைக்கு, கிட்டங்கி சாவி பிண்ணாக்குக்காரருக்கு" என்றாள் மீனாட்சியம்மாள். சாவி அவள் சேலை முந்தானையில் முடிச்சாக இருந்தது. அன்றிலிருந்து குருசாமி மனைவியின் முகத்தைவிட முந்தானையைத்தான் அதிகம் பார்த்தார்.

முதல் பலகை அருமையாக ஆரம்பித்தது. பேரவையின் பெயர் முத்து முத்தாக விழுந்தது. 'வெள்ளி விழா' விழுந்தது. 'தலைவர் மு. பூவனலிங்கம்' என்பதில் கடைசி எழுத்தும் முடியப் போகிற நேரம், தூள் உறிஞ்சும் பிளாஸ்டிக் குழாயை குருசாமி சரிசெய்யத் தொட்டார். 'சுருக்'. விரலை உதறினார். அவர் உதறியதைப் பார்த்தோ என்னவோ, மிஷினும் உதறியது. அதற்குப் புத்தி பேதலித்து, வந்த வழியே தலைவர் பெயரின் மீது குறுக்காக ஒரே கோடாக உழுதுவிட்டு நின்றது.

அடிக்கப்பட்ட பெயரைப் பார்க்கத் தலைவரே நேரில் வந்தார். பூவனலிங்கம் கடலைமிட்டாய் கம்பெனி முதலாளி. வீட்டுக்குள் தண்ணீர் கேட்டால்கூட மேடையில் கேட்பது போலத்தான் கேட்பார். பலகையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது யாரு பாத்த வேலை?" என்றார்.

"மிஷின் அண்ணாச்சி."

"மிஷினுக்கும் எனக்கும் என்ன விரோதம்?"

"விரோதம் ஒண்ணுமில்ல. தன்னால அப்படிப் போயிட்டு."

"தன்னால போனா பேரவைங்கிற பேரு மேல போயிருக்கலாம்லா. விழாங்கிற எழுத்து மேல போயிருக்கலாம். இந்தக் கம்ப்யூட்டர யாரு அனுப்புனது?"

"நம்ம ஹரிஹரசுதன்."

"பெங்களூர்ல அவன் யாரு கூடப் பழகுதான்?"

பேரவை அவசரமாகக் கூடியது. மின்சாமான் கடை வைத்திருந்த தங்கப்பாண்டியன் நிலைமின்சாரத்தைப் பற்றி விளக்கவுரை ஆற்றினார். மரத்தூள் பிளாஸ்டிக் குழாய்க்குள் உரசி உரசிப் போகிறது. அந்த உரசலில் மின்சாரம் சேருகிறது. இறங்கிப் போக வழி இல்லாவிட்டால் அது ஆள்மீது குதிக்கிறது, இல்லையென்றால் மிஷின்மீது குதிக்கிறது. கம்ப்யூட்டருக்குப் பொறி கலங்கிவிடுகிறது. காற்று வறண்ட ஊரில் இது கூடுதலாக இருக்கும். குழாயையும் மிஷினையும் கம்பியால் சுற்றிப் பூமியோடு இணைத்துவிட்டால் தீர்ந்தது. அதற்குப் பெயர் எர்த்.

வீட்டில் ஏற்கெனவே எர்த் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். அது கிரைண்டரும் பிரிட்ஜும் புழங்குகிற எர்த் என்றும், மாவாட்டுகிற எர்த்தில் பேரவையின் பலகையை இணைப்பது முறையல்ல என்றும் தங்கப்பாண்டியன் சொன்னார். எர்த் சாமான்கள் அவர் கடையில் கிடைக்கும். இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, நிலைமின்சாரத்தை இப்பேரவை வன்மையாகக் கண்டிக்கிறது. இரண்டு, 'தனி எர்த்' அமைக்கத் தலைவர், துணைத்தலைவர், தங்கப்பாண்டியன் ஆகியோர் கொண்ட துணைக்குழு அமைக்கப்படுகிறது. துணைக்குழு வியாழக்கிழமை தோறும் கிட்டங்கி வாசலில் கூடும். டீ, கடம்பூர் போளி துணைத்தலைவர் பொறுப்பு.

இந்த இடத்தில் தலைவரின் எளிமையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடலைமிட்டாயில் வாழ்கிறவர் டீயில் ஒரு சிட்டிகை சீனி சேர்க்க மாட்டார். "பொதுவாழ்க்கைக்கு வந்த பெறவு நாக்கக் கட்டணும்" என்பார். போளியைப் பொறுத்தவரை விருந்தோம்பலைப் புண்படுத்தக் கூடாது என்ற இன்னொரு கொள்கை அவருக்கு இருந்தது. இரண்டு சாப்பிடுவார்.

கிட்டங்கிக்குப் பின்னால், வேலிக்கும் அடுப்படிக்கும் நடுவில் குழி தோண்டப்பட்டது. பங்குனிக் கரிசல், கை நுழையும் அகலத்துக்கு வெடித்துக் கிடந்தது. தங்கப்பாண்டியன் தன் கடையில் இருந்ததிலேயே நீளமான பைப்பை நட்டு, சுற்றிலும் ஒரு வரிசை கரி, ஒரு வரிசை கல் உப்பு, ஒரு வரிசை கரிசல் என்று நிரப்பினார். நிரப்பி முடித்ததும் கையைத் தட்டிக்கொண்டு, அப்பப்போ நாலு குடம் தண்ணி ஊத்தி வையுங்க என்றார்.

குருசாமிக்கு மயக்கம் வராத குறை.

"தண்ணியா? கரியும் உப்பும் போட்டுட்டுத் தண்ணியா? நமுத்துப் போகும்லா."

"இல்ல அண்ணாச்சி, எர்த்துன்னா ஈரம் இருந்தாத்தான்..."

"ஏலே, மூணு தலமொறையா மருந்து பாத்த குடும்பத்துக்காரன்ட்ட வந்து ஈரத்தப் பத்திப் பேசாத. ஒரு சொட்டு பட்டாப் போச்சு. சரக்கு செத்துப் போகும்."

அடுப்படி ஜன்னலிலிருந்து மீனாட்சியம்மாளும், குடிதண்ணீர் பதினைந்து நாளைக்கு ஒருக்க வருகிற ஊரில் குழிக்கு ஊற்ற யாரிடம் குடம் இருக்கிறதென்று கேட்டாள். தங்கப்பாண்டியன் அடுத்த தேர்தலில் பொருளாளர் பதவிக்கு நிற்க இருந்தார். அதனால் அறிவியலை அத்துடன் நிறுத்திக்கொண்டார்.

ஈரத்தின் கொடுமையிலிருந்து குழியைக் காப்பது எப்படி என்பது அடுத்த வியாழக்கிழமை விவாதிக்கப்பட்டது. முடிவில் குழியைச் சுற்றி மூன்று பக்கம் ஆளுயரச் சுவர் எழும்பியது. மேலே தகரக் கூரை. நாலாவது பக்கம், அடுப்படியைப் பார்த்து, நுழைவாயில். மழை, பனி, வெயில், பிறர் பார்வை ஆகிய நான்கிலிருந்தும் பூரணப் பாதுகாப்பு. சுவரில் நீலப் பெயிண்டில் 'எர்த் அறை' என்று எழுதப்பட்டது. 'பேரவைத் தலைவர் மு. பூவனலிங்கம் அவர்களின் பொற்கரங்களால் திறந்து வைக்கப்பட்டது' என்ற கல்லும் பதிக்கப்பட்டது. மறு வியாழக்கிழமை தலைவர் ரிப்பனை வெட்டி உள்ளே சென்றார். சற்று நேரம் தனியாக இருந்து பார்வையிட்டார். அந்தக் குழியில் மண்ணும் பைப்பும் மட்டும் ஒட்டவில்லை. கோடையில் சுருங்கிய கரிசல், பைப்பைச் சுற்றி விரல் நுழையும் இடம் விட்டு மரியாதையாக விலகி நின்றது. அதை யாரும் குனிந்து பார்க்கவில்லை. திறப்பு விழாவில் குனிவது வழக்கமில்லை.

அன்று சாயங்காலம் மிஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. தொட்டால் ஷாக் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை ஓடியது. அதன் பிறகு 'சுருக்'. சனிக்கிழமை இரண்டாவது பலகை நாசமானது. கோடு இந்தத் தடவை 'வெள்ளி விழா'வின் மீது போனதால் தலைவருக்கு வருத்தமில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் முழுக்கச் சுருக்கோ சுருக்கு. வியாழக்கிழமை துணைக்குழு கூடி, டீ குடித்து, போளி தின்று, தலைவர் எர்த் அறையைப் பார்வையிட்டுவிட்டு வந்தார். மிஷின் பசுமாடு மாதிரி நின்றது. வெள்ளி மத்தியானம் மறுபடியும் வெறி.

மூன்று வாரம் இதே கதை. குருசாமி யோசித்தார். வெளிநாட்டுக்காரர்களுக்கு இன்டர்நெட்டில் எழுதிக் கேட்டார். அவர்கள் மண்ணின் ஈரத்தைப் பற்றியே விசாரித்தார்கள். தீப்பெட்டித் தொழில் தெரியாதவர்கள் என்று விட்டுவிட்டார். கடைசியில் அவருக்கே விளங்கியது. வியாழக்கிழமையில் என்ன இருக்கிறது? தலைவர் இருக்கிறார்.

"அண்ணாச்சி, சொன்னா நம்பமாட்டீங்க. நீங்க வந்தா மிஷின் அடங்குது. நீங்க போயி ஒரு நா கழிச்சுத் திரும்பத் துள்ளுது."

தலைவர் ஆச்சரியப்படவில்லை. "எனக்கு அப்படி ஒரு இது உண்டு" என்றார். "கம்பெனியில பாகு பதம் தப்பும்போது நான் போயி நின்னாப் போதும்." எனினும் முழுப் பெருமையையும் தானே எடுத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. தான் ஒவ்வொரு கூட்டத்திலும் எர்த் அறையை நேரில் சென்று கண்காணிப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். உண்மைதான். அவரைப் போலக் கடமையுணர்ச்சி உள்ள தலைவரைப் பார்ப்பது அரிது. ஒரு கூட்டத்துக்கு மூன்று தடவை, சில நாள் நாலு தடவைகூட எழுந்து போவார். "ஒரு பார்வை பாத்துட்டு வாரேன்" என்பார். பாதிப் பேச்சில் போவார். தீர்மானத்தின் நடுவில் போவார். தங்கப்பாண்டியன் இதை நடவடிக்கைக் குறிப்பில் பாராட்டி எழுதியிருக்கிறார்.

எர்த் அறைக்குள் எறும்புச் சாரை ஒன்று போய் வருவதை குருசாமி கவனித்தார். உப்பும் கரியும் கிடக்கிற இடத்தில் எறும்புக்கு என்ன ஜோலி என்று யோசித்து, தலைவர் வேட்டியில் ஒட்டியிருக்கும் வெல்லப்பாகு வாசமாக இருக்கும் என்று முடிவுகட்டினார்.

விழாவுக்கு முந்தின நாள். கடைசிப் பலகை. இது போனால் கோயம்புத்தூருக்கும் நேரமில்லை. இடைசெவல்காரர் காலையிலேயே வந்து கிட்டங்கியை வெளியில் நின்று ஒரு தடவை அளந்துவிட்டுப் போயிருந்தார். தங்கப்பாண்டியன் முன்னிலையில், மிஷின் பக்கத்தில் விரிப்பு விரித்த நாற்காலியில் தலைவர் அமர்த்தப்பட்டார். தன் மகிமை இன்று சோதிக்கப்படுகிறது என்பது அவருக்குத் தெரியும். அதனால் வீட்டிலேயே எல்லா வேலைகளையும் முடித்துக்கொண்டு, டீயையும் மறுத்துவிட்டு, அசையாமல் உட்கார்ந்தார்.

"நான் எந்திரிச்சாத்தான மிஷின் துள்ளும்? எந்திரிக்கவே மாட்டேன்."

பேரவையின் பெயர் விழுந்தது. 'வெள்ளி விழா' தொடங்கியதும் குழாயில் சடசடவென்று சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர் திரை ஒருமுறை கண் சிமிட்டியது. தலைவர் நாற்காலியின் இரண்டு கையையும் இறுகப் பிடித்து, இன்னும் ஆழமாக உட்கார்ந்தார். சடசடப்பு கூடியது. குருசாமியின் விரலில் சுருக், முழங்கையில் சுருக். 'தலைவர்' என்ற வரிக்கு முன்னால் மிஷினை நிறுத்திவைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

வாசலில் மீனாட்சியம்மாள் வந்து நின்றாள். மிஷினைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். புருஷன் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். முந்தானை முடிச்சைக் கையில் உருட்டிக்கொண்டே உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பெரிய செம்பு நிறைய மோர் இருந்தது.

"அண்ணாச்சிக்கு குடுங்க. வெயிலுக்கு நல்லது."

"செம்பு உள்ள வரக் கூடாதுன்னு..."

"இன்னைக்கு வரலாம்."

தலைவர் டீயைத்தான் துறந்திருந்தார். மோரைப் பற்றி யோசிக்கவில்லை. குடித்தார். செம்பு காலியானதும் இரண்டாவது செம்பு வந்தது. நாரத்தை இலை கசக்கிப் போட்டு, உப்பும் சரியாக இருந்தது. அதையும் குடித்தார். பத்து நிமிஷத்தில் அவர் நாற்காலியில் அப்படியும் இப்படியும் அசைந்தார். கால்மேல் கால் போட்டார். எடுத்தார்.

"குருசாமி, எர்த் அறைய ஒரு பார்வை பாத்துட்டு வந்துருதனே."

குருசாமி பதறி அவர் கையைப் பிடித்தார். "அண்ணாச்சி, உங்க பேரு ஒண்ணுதான் பாக்கி. அது விழுகிற மட்டும் எந்திரிக்காதீங்க. உங்க கால்ல விழுதேன்."

"பார்வையிடாம இருக்க முடியாதுய்யா."

"கொஞ்சம் அடக்கிக்கிடுங்க அண்ணாச்சி, கடமைய."

"ஏங்க" என்றாள் மீனாட்சியம்மாள். இருபத்தேழு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் அந்தக் குரலில் கூப்பிட்டால் குருசாமி எதையும் கையிலிருந்து விட்டுவிடுவார். "அவியளப் போக விடுங்க."

தலைவர் போனார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்வையிட்டார். வழக்கத்தைவிட மலர்ந்த முகத்தோடு திரும்பி வந்து அமர்ந்து, "ம், நடக்கட்டும்" என்றார்.

நடந்தது. சடசடப்பு இல்லை. குருசாமி பயந்து பயந்து குழாயைத் தொட்டார். பச்சைக் குழந்தை மாதிரி இருந்தது. 'தலைவர் மு. பூவனலிங்கம்' கடைசிப் புள்ளி வரை பிசிறில்லாமல் விழுந்தது. தங்கப்பாண்டியன் அங்கேயே ஒரு தீர்மானம் எழுதினார்: நிலைமின்சாரத்தைத் தம் ஆளுமையால் பூமிக்குள் இறக்கிய தலைவருக்கு விழா மேடையில் 'புவித்தொடர்புச் செம்மல்' என்ற பட்டம் வழங்கப்படும். தலைவர் பலமுறை மறுத்து, பிறகு எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தார்.

எல்லாரும் போன பிறகு மீனாட்சியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கிட்டங்கி வாசல் ஆணியில் மாட்டினாள். பிண்ணாக்குக்காரரிடம் தான் சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். குருசாமி சாவியை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "ஏட்டி, அந்த மோரு... அது எதுக்கு?" என்றார்.

"நம்ம அடுப்படி ஜன்னல் எங்கன பாத்து இருக்கு?"

குருசாமி எர்த் அறைப் பக்கம் திரும்பினார்.

"நாளையில இருந்து பாத்திரம் கழுவுத தண்ணிய நானே அந்தக் குழியில கொண்டு ஊத்துதேன். ஈரம் கீரம்னு வாயத் தொறக்கக் கூடாது. அண்ணாச்சிய இனிமே கூப்பிட வேண்டாம். போயி எறும்பப் பாத்துட்டு வாங்க."

குருசாமி எர்த் அறைக்குப் போனார். முதல் தடவையாகக் குனிந்து பார்த்தார். பைப்பைச் சுற்றிக் கரிசல் நன்றாக ஊறி, இடைவெளி அடைபட்டு, பைப்பைக் கவ்விப் பிடித்திருந்தது. வாசம் வெல்லப்பாகு வாசம் இல்லை. 'பொற்கரங்களால்' என்ற எழுத்தின் மீது ஏறி எறும்புச் சாரை வரிசை தப்பாமல் ஈரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

தலைவர் டீயில் சீனி வேண்டாம் என்றது எளிமையால் அல்ல. அவருக்குச் சர்க்கரை நோய்.